கிரிக்கில் நிரப்பிக்கொள்ளுங்கள்



கரங்கானில் இருக்கும் நமக்குத் தெற்கே போகும் பயணம் ஒரு பெரிய காரியமே அல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட நாளிலிருந்து, ஓய்விடங்களும் எண்ணெய் நிலையங்களும் வழி நெடுகக் காத்திருக்கின்றன. ஊசி கீழே இறங்கினால் இறங்கட்டும், அடுத்த நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே போய்விடலாம். கிழக்கே போகும் பயணம் அப்படி இல்லை. பாலிங் வழியாகக் கிரிக் போய், அங்கிருந்து மலையேறிக் கிளந்தானில் இறங்குகிற சாலையில் எண்ணெய்க் கணக்கு தெரியாமல் போகக்கூடாது. வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கோ அந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

இழுத்துக்கொண்டு போவதென்றால் டிராக்டரைச் சொல்லவில்லை. கேரவன் என்கிற இழுவை வீட்டைச் சொல்கிறேன். படுக்கை, அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி எல்லாம் அடங்கிய சக்கரம் வைத்த அறை அது. வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நாம் நினைத்திருந்தது இப்போது நம் பக்கத்திலும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய கேரவன் ஒன்றை வாங்கித் தாமே ஆணியடித்துச் சாயம் பூசி வைத்திருக்கிறார். அண்ணியின் தங்கை கோலக்கிராய்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஹோட்டலுக்குக் காசு கொடுக்காமல் குடும்பமே போய் வரலாம் என்று சென்ற பள்ளி விடுமுறையில் கிளம்பினார்கள். "வாத்தியாரே, நீங்களும் வாங்க" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கும் ஓர் ஆசை இருந்தது. கிளந்தான் மாநிலத்தில் இருப்பது ஒரே ஒரு தமிழ்ப்பள்ளிதான். கோலக்கிராய் வட்டாரத்தில் பாசிர் காஜா தோட்டத்துப் பள்ளி அது. தோட்டப் பள்ளியில் வேலை செய்கிற எனக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கோலகெட்டில், கூப்பாங், பிறகு பாலிங். கூப்பாங்கைக் கடக்கும்போது 2022 ஜூலை 4ஆம் தேதி மலையிலிருந்து மரமும் சேறுமாக இறங்கிய வெள்ளம் நினைவுக்கு வராமல் போகாது. பாலிங்கில் ஊருக்கு மேல் நிற்கும் சுண்ணாம்புக் குன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முறிந்தது. 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து வயிறு காய்ந்த சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஊர்வலம் போனதும் இதே பாலிங்தான். பால் வெட்டிய குடும்பங்களுக்கு அந்த வருடத்தின் அருமை பெருமை சொல்லத் தேவையில்லை.

பாலிங்கைத் தாண்டினால் பேராக் மாநிலம். குரோ என்று பெரியவர்கள் சொல்லும் பெங்காலான் உலு வருகிறது. அதற்கப்புறம் கிரிக்.

இந்தக் கிரிக்கில்தான் எங்கள் வண்டிக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. அண்ணன் வண்டி டீசல் பிக்கப். டாங்கி 80 லிட்டர் கொள்ளும். கரங்கானில் கிளம்பும்போது பாதி இருந்தது. கிரிக் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 25 லிட்டர் மிச்சம். ஓட்டி வந்தவர் அண்ணனின் மருமகன். படித்த பிள்ளை, குளிம் தொழிற்பேட்டையில் வேலை.

"மாமா, ஜெலி இங்கிருந்து 120 கிலோமீட்டர்தான். இந்த வண்டி லிட்டருக்குப் பத்து ஓடும். பன்னிரண்டு லிட்டர் போதும். ரெண்டு மடங்கு இருக்கு. எதுக்கு இங்க வரிசையில நிக்கணும்?"

அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பத்து ஓடுறது வெறும் வண்டி, தம்பி. பின்னால ஒரு வீட்டையே கட்டியிருக்கோம். மலையில ஊசி பாதிக்கு வந்தா காலின்னு நெனச்சுக்கணும். திருப்பு உள்ளே."

மருமகன் கணக்கில் எங்கே பிசகு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போல உங்களுக்கும் சொல்கிறேன். இழுவை வீடு எண்ணெயைத் தின்பது இரண்டு வழியில். ஒன்று காற்று. அகலமும் உயரமுமான அதன் முகத்தில் காற்று வந்து மோதுகிறது. அந்த எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போவதைவிட 100இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டாவது ஏற்றம். ஒரு டன் எடையை 900 மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் போதும். இவ்வளவுதானா என்று தோன்றும். மேடு ஒன்றாக இருந்தால் இவ்வளவுதான். இந்தச் சாலையிலோ ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி என்று பத்து மேடு. இறங்கும்போது பிரேக் பிடித்துச் சூடாக்கி வீணாக்குகிற சக்தியெல்லாம் ஏறும்போது எண்ணெயாகக் கொடுத்து வாங்கியது. குலை ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் டிராக்டர் ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கணக்குப் போடாமலே சொல்வார்கள்.

நிலையத்துக்குள் நுழைவதிலும் ஒரு முறை இருக்கிறது. நிலையத்துக்கு நூறு அடி முன்பே அண்ணன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். கேரவனுக்குள் போய்க் குளிர்பெட்டியின் கேஸை அடைத்தார். பெரும்பாலான கேரவன்களில் குளிர்பெட்டி கேஸிலும் ஓடும். உள்ளே ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுடரோடு பெட்ரோல் ஆவி பறக்கும் இடத்துக்குள் போவது, அடுப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வைக்கோல் போரில் ஏறுவது மாதிரி. கைத்தொலைபேசியை அணை, சிகரெட்டை அணை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கேரவனின் சுடரை அணை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

அப்புறம் கூரையின் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஓரத்துப் பம்பைப் பிடியுங்கள். எண்ணெய் போட்ட பிறகு நேரே முன்னால் போய் வெளியேற இடம் இருக்கிறதா என்று நுழையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கேரவனோடு பின்னுக்கு எடுப்பது லேசில்லை. வளையத்தை இடப்பக்கம் திருப்பினால் பின்வண்டி வலப்பக்கம் போகும். அண்ணி இறங்கி நின்று கையாட்டிக்கொண்டே இருந்தார். பாட்டி மட்டும் கேரவனுக்குள் படுத்துக்கொண்டே வருகிறேன் என்று அடம் பிடித்தார். ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது, அது கட்டில் போட்ட பெட்டி, கார் அல்ல என்று விளக்கிச் சொல்லிக் காரில் ஏற்ற அரை மணி நேரம் ஆயிற்று.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10ஆம் தேதி ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது. 80 லிட்டர் டாங்கிக்கு அன்று 96 வெள்ளி கூடுதல். தகுதி உள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித் தொகை என்று அரசாங்கம் அப்போது அறிவித்தது. பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு 2025 செப்டம்பர் 30 முதல் வேறு ஏற்பாடு. அடையாள அட்டையைக் காட்டினால் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடங்கிய சமயம் மாதத்துக்கு 300 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கலனில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தந்தாலும் பிள்ளைகள் இருக்கும் வண்டிக்குள் அதை வைப்பது தகாது.

டீசல் ஏறிக்கொண்டிருந்தபோது பேரன் ஒரு கேள்வி கேட்டான், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று. கடலடியிலிருந்து என்றேன். அதோடு நிறுத்தவில்லை. 2019 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டு வண்டிகளுக்கு விற்கும் டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பையனின் தாத்தா லாரியில் ஏற்றிப் போன குலை, பாட்டி பொறுக்கிய உதிரிப் பழம், இவற்றின் வழி வந்த எண்ணெய்தான் எங்களை அன்று மலையேற்றியது. பாட்டி இதைக் கேட்டு, "அப்ப எனக்கும் இதுல பங்கு இருக்கு, என்னை உள்ளேயே படுக்க விடுங்க" என்றார்.

கிரிக்கை விட்டதும் சாலை காட்டுக்குள் புகுகிறது. இந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வேலை 1970இல் தொடங்கி, 1982 ஜூலை 1ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வருடம். வேலையாட்கள் ஒரு பக்கம் பாறையோடு போராடினார்கள், மறுபக்கம் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு அஞ்சினார்கள். இராணுவம் காவல் நின்றது. திறந்த பிறகும் ஆரம்ப காலத்தில் பகலில் மட்டும்தான் வண்டிகளை விட்டார்கள். 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இந்தக் காட்டுக்கு நிம்மதி வந்தது. சாலை வருமுன் கெடாவிலிருந்து கிளந்தான் போக வேண்டுமானால் கோலாலம்பூர் இறங்கிக் குவாந்தான் சுற்றிப் போக வேண்டும். அக்காவைக் கிளந்தானில் கட்டிக்கொடுத்தால் போய்ப் பார்ப்பது அபூர்வம்.

பண்டிங் பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள். இரு பக்கமும் தெமெங்கோர் ஏரி. அணை கட்டியதால் உண்டான இந்த ஏரி தீபகற்பத்தில் கெனியிர் ஏரிக்கு அடுத்த பெரியது. காலைப் பனியில் பட்ட மரங்கள் நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும். இந்த வட்டாரத்தில்தான் 2025 ஜூன் 9ஆம் தேதி விடியற்காலையில் பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் பேர்போன இடம் அது. நானும் ஒரு காலத்தில் பயிற்சிச் சான்றிதழுக்காகப் பேருந்தில் ஊருக்கும் கல்லூரிக்கும் அலைந்தவன். பாலத்தைக் கடக்கும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 11ஆம் தேதி, இதே சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் மணிக்கணக்கில் நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். யானைகள் சாலையோரம் வருவது இங்கே சர்வ சாதாரணம். இருட்டில் இந்த வழி போகாதீர்கள். அடுப்பு மூட்டிச் சமைக்க ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கைத்தொலைபேசிக்கும் பல இடங்களில் அலை கிடைக்காது. கிரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவே எண்ணெய் கிடைக்கும் என்று நம்பிப் போவது அறவே கூடாது.

தித்திவங்சா மலைத்தொடரின் உச்சியில், பேராக், கிளந்தான் எல்லையில் ஓர் ஓய்விடம் உண்டு. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேல். குளிர் காற்றில் பாட்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டோம்.

இனி இறக்கம். சிலர் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இக்காலத்து இஞ்சினில் கியர் போட்டபடி எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் எண்ணெய் போவதே நின்றுவிடும்; நியூட்ரலில் விட்டாலோ இஞ்சின் அணையாதிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். மிச்சமும் இல்லை, மிஞ்சுவது ஆபத்து. பின்னால் ஒரு டன் தள்ளுகிறது, வண்டியைப் பிடிக்கப் பிரேக் மட்டும்தான், அதுவும் சூடேறினால் பிடிக்காது. அண்ணன் தாமே ஓட்ட உட்கார்ந்து, ஏறிய கியரிலேயே இறங்கினார். பின்னால் ஒரு கார் ஓயாமல் ஹார்ன் அடித்தது. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி அதைப் போகவிட்டார்.

வெள்ளைக்காரர் விளையாட்டு என்றேன் அல்லவா, 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஒரு டாக்டர் இரண்டு குதிரை பூட்டிய இழுவை வீட்டில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனார். அவருக்கு எண்ணெய் நிலையம், வழியில் கிடைத்த தீனியும் தண்ணீரும். நம்மவர் மாட்டு வண்டிகளும் அப்படி ஓடியவைதாமே. சிங்கப்பூரில் கிரேத்தா ஆயர் என்ற பேட்டையின் பெயருக்கே தண்ணீர் வண்டி என்று பொருள். மாடு இழுத்த தண்ணீர் வண்டிகளால் வந்த பெயர்.

ஜெலியில் மறுபடி நிலையத்துக்குள் திரும்பினோம். கேஸ் அடைத்து, ஓரத்துப் பம்ப் பிடித்து, அதே சடங்கு. டாங்கி நிரம்பியபோது மீட்டரில் 23 லிட்டர். கிரிக்கில் எங்களிடம் இருந்தது 25. மருமகன் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் எல்லாருக்கும் குளிர்பானம் வாங்கி வந்து, மாமாவுக்கு முதலில் நீட்டினார்.

ஜெலியிலிருந்து தானா மேரா, மாச்சாங், அங்கே தெற்கே திரும்பிக் கோலக்கிராய். சம நிலம், நல்ல சாலை, எண்ணெய்க் கவலை இல்லை. மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணியின் தங்கை வாசலுக்கு ஓடி வந்து, கேரவனைப் பார்த்து, "என்னக்கா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா!" என்றார். பாட்டி இறங்கியதும் இறங்காததுமாக அதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். மறுநாள் காலை பாசிர் காஜாவுக்குப் போகத் தோட்டத்துப் பாதையைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.