கரண்ட் போனால் வெளுக்கும் கண்ணாடி

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு கிளினிக். டாக்டர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. நோயாளி உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினால் பாலாக வெளுக்கும்; வெளியே வந்ததும் தெளிந்துவிடும். ஒரு மதியம் கரண்ட் போனது. தெளிவாக இருந்த கண்ணாடி அந்த நொடியே வெளுத்தது. அப்படியானால் வெளுப்புதான் அதன் இயல்பு. தெளிவாக இருப்பதற்குத்தான் மின்சாரம் வேண்டும். அது எப்படி என்று தேடத் தொடங்கினேன்.

"கண்ணாடில ஒண்ணுமில்ல சார், உள்ள இருக்கிற ஃபிலிம்தான்" என்று கண்ணாடி வேலை பார்ப்பவர் ஒரு வெட்டுத் துண்டைக் கையில் கொடுத்தார். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே மங்கலான மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு முழுக்கப் பாலிமருக்குள் அடைபட்ட திரவப் படிகத் துளிகள். ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கு. துளிக்குத் துளி மூலக்கூறுகள் வெவ்வேறு திசையில் நிற்பதால், அவற்றின் ஒளிவிலகல் எண் பாலிமரோடு ஒத்துப்போகாமல் ஒளி சிதறுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாகத் திரும்பும். இரண்டு எண்களும் ஒத்துப்போக, ஒளி நேரே கடக்கும். அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டோன் குழு 1986-ல் வெளியிட்ட வழி இது.

அதற்கும் பின்னே போனால் 1888, பிராகா நகரம். தாவரவியலாளர் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் கொலஸ்டெரில் பென்சோயேட்டைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலானது, 178.5 டிகிரியில் இன்னொரு முறை உருகியதுபோல் தெளிந்தது. கிளினிக் கண்ணாடியின் கலங்கலும் தெளிவும் வேறு காரணத்தால் வருபவை. ஆனாலும் திரவப் படிகம் முதலில் மனிதர் கண்ணில் பட்டது இப்படித்தான்.

அதே 1888-ல்தான் சர் சி.வி. ராமன் பிறந்தார். குடும்பப் பூர்வீகம் காரைக்காலைச் சூழ்ந்த பழைய தஞ்சைச் சீமை. அவருடைய தங்கை மகன்கள் இருவரின் பெயர்களை இந்தத் தேடலில் கண்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அண்ணன் எஸ். சந்திரசேகர், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்று 1977-ல் சதாசிவா, சுரேஷ் இருவரோடு பெங்களூரில் நிறுவினார். தம்பி எஸ். பஞ்சரத்தினம், முனைவாக்க நிலை (ஒளி அலை அதிரும் விதம்) மாறி மாறி முதல் நிலைக்கே திரும்பும் ஒளிக்கு, கடந்த பாதையைப் பொறுத்துக் கூடுதலாக ஒரு கட்டமாற்றம் சேரும் என்று 1956-ல், 22 வயதில் எழுதினார். இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி 1984-ல் பொதுவிதியாகக் கண்டது இதன் விரிவே. நம் பள்ளிப் பாடங்களில் பஞ்சரத்தினத்துக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

துளிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? நீரில் மிதக்கும் திரவப் படிகத் துளியின் ஒளியியலை அதன் மேற்பரப்பே முடிவு செய்கிறது. மேற்பரப்பில் படுத்திருக்கும் மூலக்கூறுகளைச் சோப்பு வகைப் பொருள் நிமிர்த்திவிடும். அப்போது துளிக்குள் மூலக்கூறுகள் எல்லாம் நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே நுண்ணோக்கியில் பார்த்தால், துளியின் மேல் கரிய சிலுவை தெரியும். பஞ்சரத்தினம் 1969-ல் 35 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2009-ல், பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த எத்தியென் பிராஸ்லேயின் குழு இப்படிப்பட்ட ஒற்றைத் துளியை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தி, வட்ட முனைவாக்க ஒளியை அதன் வழியே செலுத்தியது. வெளிவந்த ஒளியின் ஒரு பகுதி சுழலாக முறுக்கிக்கொண்டு வந்தது. அந்த முறுக்கைத் தந்தது பஞ்சரத்தினம் கணக்கிட்ட அதே கட்டமாற்றம்.