இருபத்தெட்டு நாள் சீட்டு

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஒரு மருந்தகம். காலையில் தபால்காரர் வந்து போனதும் ஃபார்மசிஸ்ட் முதலில் கையில் எடுப்பது கையெழுத்துப் போட்டு வாங்கிய உறைகளைத்தான். கத்திரியைத் தொடமாட்டார், ஓரத்தை விரலால் நீவி நீவிப் பிரிப்பார். ஒருமுறை அவசரத்தில் வெட்டியபோது உள்ளே இருந்த தாளின் மூலையும் சேர்ந்து போனது. அந்த மூலையில்தான் தேதி இருந்தது.

உள்ளே இருப்பது ரோஜா நிறத் தாள். எஃப்பி10பிசிடி என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் தனியார் மருத்துவர் மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைத் தாளில் எழுதுவதானால் இந்தத் தாளில்தான் எழுத வேண்டும். மருத்துவக் கஞ்சாவும் அந்த வரிசைதான். ஸ்கேன் எடுத்து அனுப்பினால் மருந்தை எடுத்துவைக்கலாம், கொடுக்க முடியாது. கொடுப்பதற்கு மூலத்தாள் கைக்கு வந்தாக வேண்டும்.

"ரினியூ பண்ணணும்" என்றுதான் நோயாளிகள் எல்லோரும் போன் செய்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். ரத்த அழுத்த மாத்திரைக்குச் செய்வதுபோல ஒரே சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்குவது இந்த மருந்துக்குக் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு, புதுக் கையெழுத்து, புதுத் தேதி. அந்தத் தேதியிலிருந்து 28 நாள்தான் சீட்டுக்கு உயிர். பாதி மருந்தைக் கொடுத்து மீதியைப் பாக்கி வைத்தாலும் அதே கெடுதான். 29ஆம் நாள் பாக்கி செத்துவிடும். ஒரு சீட்டில் 30 நாளுக்கு மேல் எழுத வேண்டாம் என்பது சட்டமல்ல, வழிகாட்டல். ஆனாலும் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை. தாண்டினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

மருத்துவக் கஞ்சாவுக்குக் கதவு திறந்ததே 2018இல்தான். அந்த ஜூனில் பில்லி கால்டுவெல் என்ற வலிப்பு நோய்ச் சிறுவனுக்காக அவன் தாய் கனடாவிலிருந்து கொண்டுவந்த கஞ்சா எண்ணெய்ப் புட்டிகளை ஹீத்ரோ விமான நிலையத்தில் பறிமுதல் செய்தார்கள். நாடே கொதித்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் சாஜித் ஜாவித். அவர் எடுத்த முடிவால் நவம்பர் 1 முதல், எந்த மருத்துவப் பயனும் இல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட முதல் அட்டவணையிலிருந்து கஞ்சா சார்ந்த மருந்துகள் இரண்டாம் அட்டவணைக்கு வந்தன. ஆனால் குடும்ப மருத்துவர் அதைத் தொடங்கி எழுத முடியாது. சிறப்பு மருத்துவர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் தொடங்கலாம், அதுவும் வழக்கமான மருந்துகள் கைகொடுக்காத பிறகு. எபிடியோலெக்ஸ், சாட்டிவெக்ஸ் போல உரிமம் பெற்ற சிலவற்றைத் தவிர்த்தால் அரசு மருத்துவத்தில் இது கிடைப்பது அபூர்வம். நாள்பட்ட வலிக்குக் கஞ்சா வேண்டாம் என்று சிகிச்சைகளுக்கு வழிகாட்டல் எழுதும் நைஸ் அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. வலிக்காரர்கள் கைக்காசைப் போட்டுத் தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அவர்கள் எண்ணெயாகவும் காய்ந்த பூவாகவும் வாங்குவதில் பெரும்பகுதி உரிமம் பெறாத மருந்து. கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் என்று விமானமேறி வருவது.

சீட்டைப் படிப்பது தனிக் கலை. மேசை விளக்கடியில் வைத்து, ஸ்கேலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திக்கொண்டே போவார். மொத்த அளவு எண்ணிலும் இருக்க வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும்: 30 கிராம், முப்பது கிராம். இரண்டில் ஒன்று விட்டுப்போயிருந்தால் அவரே அழியாத மையில் எழுதி, திருத்தியது தான்தான் என்று குறித்துவைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டுமே இல்லையென்றால் தாள் திரும்பிப் போக வேண்டியதுதான். தேதி இல்லை, கையெழுத்து இல்லை என்றாலும் அப்படியே. மருத்துவர் மனதில் என்ன நினைத்தார் என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தாலும் தாளில் இல்லாததை ஃபார்மசிஸ்ட் படிக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய தலைவலி ஸ்டாக். சீட்டில் இன்ன நிறுவனத்தின் இன்ன பூ, அதில் போதை தரும் கூறான டிஎச்சி இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். அது தீர்ந்திருந்தால் அதே சதவீதத்தில் பக்கத்திலிருக்கும் டப்பாவை எடுத்து நீட்ட முடியாது. மருத்துவர் மறுபடி எழுத வேண்டும். தபால் மறுபடி வர வேண்டும். அவர் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வாரத்தில் ஒன்பது சீட்டுகள் இப்படி வீணாயின. ஒன்பது பேரிடமும் போனில் திட்டு வாங்கினார். நியாயமான திட்டு. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்: மாலையில் கடை சாத்துமுன் இரும்பு அலமாரியைத் திறந்து டப்பாக்களை எண்ணுவார், பதிவேட்டின் மீதியோடு ஒப்பிடுவார், குறைந்துவருபவற்றின் பட்டியலைக் கிளினிக்குகளுக்கு அனுப்பிவைப்பார். அலமாரிக் கதவு திறந்ததும் வரும் வாசனை மழை நனைத்த துளசியையும் பழைய டயரையும் கலந்தது போலிருக்கும். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

மதுரையில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு, மகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான் என்பது தெரியும். எந்த மருந்து என்பது தெரியாது. தமிழில் கஞ்சா என்ற சொல்லைச் சொன்னால் கூடவே பொட்டலமும் போலீஸும் பத்திரிகைப் படமும் வந்து நிற்கின்றன. கல்கத்தாவில் ஓஷாக்னெஸி என்ற ஐரிஷ் மருத்துவர் 1839இல் எழுதிய ஆய்வுதான் இந்தச் செடியை மேற்கத்திய மருத்துவத்தில் பரவச் செய்தது என்பதை அம்மாவிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் அவருடைய நோயாளிதான். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு பாதங்களில் தீராத எரிவு. அவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "அந்த எண்ணெய்" என்பார். போன மாதம் போன் வந்தது.

"தம்பி, மருந்து முடியப் போகுது. இன்னும் நாலு நாளைக்குத்தான் காணும்."

"கிளினிக்ல கேட்டீங்களாக்கா?"

"இண்டைக்குத்தான் கேட்டனான்."

ஃபார்மசிஸ்ட் மனதுக்குள் கணக்குப் போட்டார். மருத்துவர் கையெழுத்திட ஒரு நாள், தபாலுக்கு ஒன்றிரண்டு, பணம் கட்டி மருந்து எடுத்துவைக்க ஒன்று, கூரியருக்கு ஒன்று. இடையில் ஞாயிறு. போதாக்குறைக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் பேசும் தவணையும் தவறியிருந்தது. அது முடியாமல் கிளினிக் தாளை எடுக்காது. எல்லாம் முடிந்து வந்த தாளில் தேதியே இல்லை. கிளினிக்கைக் கூப்பிட்டுக் கத்தினார். இரண்டாவது தாள் வந்தது. அந்த அம்மா எண்ணெய் இல்லாமல் ஐந்து இரவுகளைக் கடத்தினார். கோபப்படவில்லை. அதுதான் இவரை அரித்தது.

புட்டி கைக்கு வந்த அன்று அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். லேபிள் ஒட்டிய புட்டியிலேயே வைத்திருக்கட்டுமா, வேறு போத்தலில் ஊற்றிக்கொள்ளலாமா என்று சந்தேகம். வேண்டவே வேண்டாம் என்றார் இவர். லேபிளில் உள்ள பெயர்தான் வெளியில் உங்களுக்குக் காவல். பூ வாங்குபவர்களிடம், சூடாக்கி ஆவியை இழுக்கும் வேப்பரைசரில் மட்டும்தான், புகைப்பது மருந்தாக இருந்தாலும் குற்றம் என்று சொல்லுவார். அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

"அக்கா, உங்க வீட்டு அடுக்களையில முருகன் காலண்டர் இருக்குமே?"

"ஓம், தமிழ்க் கடையில தந்தது."

"இன்னையிலிருந்து இருபதாவது நாளைச் சுத்தி வட்டம் போடுங்க. பத்து நாள் மருந்து கையில இருக்கும்போதே கேட்டுடணும்."

பேனா தேடும் சத்தம். இழுப்பறை திறந்து மூடும் சத்தம்.

"தம்பி, அண்டைக்குக் கார்த்திகை விரதம் எண்டு ஏற்கெனவே வட்டம் போட்டுக் கிடக்கு."

"பக்கத்துல இன்னொரு வட்டம் போடுங்கக்கா. வேற கலர்ல."