வந்த மீனும் இருந்த மீனும்

மீன் பிடிக்கப் போனேன் என்று சொன்னால் நம் சங்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த நமக்கு மீன் என்பது கூடைக்காரியிடம் பேரம் பேசி வாங்கும் பொருள். வேறு வகையில் அதை அடையலாம் என்று நாம் எண்ணியதே இல்லை. ஆயினும் சென்ற அக்டோபரில், தீபாவளி விடுமுறையில், இமாசலப் பிரதேசத்து மலையாறு ஒன்றில் முழங்காலுக்கு மேல் குளிர்நீரில் நின்று நான் தூண்டில் வீசியது உண்மை. பிடித்தது ஒரே ஒரு மீன். அதையும் விட்டுவிட்டேன்.

டில்லி வரை ரயில். அங்கிருந்து குலுவுக்குப் போகும் இரவுப் பேருந்து. விடியற்காலையில் ஔட் சுரங்கப் பாதைக்கு முன்பாகவே இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி என்னும் சிற்றூருக்குச் சென்றேன். ஊரின் நடுவே தீர்த்தன் ஆறு ஓடுகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெரிய இமாலய தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றோடு கலக்கும் ஆறு அது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. மித்தி ஆற்றைப் பார்த்தே பழகிய கண்களுக்கு, ஆற்றின் அடியில் கூழாங்கல் தெரியும் என்பதே புதுச் செய்தி.

வழிகாட்டியாக வந்த இளைஞனுக்கு என் வயதுதான் இருக்கும். மீன்வளத் துறையின் உரிமச் சீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, "பருவம் முடியப் போகிறது. நவம்பர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம்" என்றான். பிறகு, தூண்டிலைக் கொடுப்பதற்கு முன், ஆற்றிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினான். அதன் அடியில் சிறு சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தன. "டிரவுட் தின்பது இதை. இதைப்போல ஒன்றை நாம் செய்து காட்ட வேண்டும்."

அவன் பெட்டியைத் திறந்தான். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிகள், நகை வைப்பதுபோல் வரிசையாக இருந்தன. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் கயிற்றை இழுத்துச் செல்லும். இங்கே பொய்ப் பூச்சிக்குக் கனமே இல்லை, கயிறுதான் கனம். கோலைக் கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே முன்னும் பின்னும் அசைத்து, பின்னால் போன கயிறு முழுதும் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகு முன்னே செலுத்த வேண்டும். பொறுப்பதுதான் கடினம். முதல் ஒரு மணி நேரத்தில் நான் பிடித்தவை இரண்டு மரக்கிளைகள், ஒரு முட்புதர், என் சொந்தச் சட்டைக் காலர்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். பாறைக்குப் பின்னால் வேகம் தணிந்த இடத்தில் ஒதுங்கி, இரை மிதந்து வருவதைப் பார்த்திருக்கும். ஆகவே நாம் கீழ்ப்புறமிருந்து அதன் முதுகுப் பக்கமாக நெருங்க வேண்டும். பிற்பகலில், அப்படியொரு பாறையின் ஓரம், கயிறு சட்டென்று நின்றது. "இழு! மெதுவாக!" என்று கத்தினான் அவன். வந்தது ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல். பழுப்பு மேனியில் வெளிர் வளையமிட்ட சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக் கொண்டுதான் தொட வேண்டுமாம். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும். முள்ளை எடுத்து, நீரோட்டத்தை நோக்கி அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். இரண்டு மூச்சு, பிறகு காணவில்லை.

"எங்கள் மீன் அழகா இல்லையா?" என்றான் அவன் பெருமையாக. கூடவே, "பாயி, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டான்.

"மும்பை."

"முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. அசல் ஊர் எது?"

இந்தக் கேள்வி நம்மில் யாருக்குத்தான் புதிது? ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவன் 'எங்கள் மீன்' என்றானே, அதற்கு அசல் ஊர் ஐரோப்பா. 1899இல் காஷ்மீருக்கு அனுப்பிய முட்டைகள் வழியில் கெட்டுப்போயின. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1909இல் குலுவில் பொரிப்பகம் அமைத்தார். நம் நீலகிரியிலும் 1860களிலேயே முயன்று தோற்று, பிற்பாடு வில்சன் என்பவர் காலத்தில் வானவில் டிரவுட் வேரூன்றியது. நூறாண்டு இருந்துவிட்டால் ஒரு மீன் 'எங்கள் மீன்' ஆகிவிடுகிறது. நாங்கள் தாராவிக்கு வந்து எழுபதாண்டு ஆகிறது. அப்படியானால் எனக்கு இன்னும் முப்பதாண்டு பாக்கி என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி இரவுவரை நீடிக்கவில்லை. தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் அடுப்பருகே அமர்ந்து, "என் சிறுவயதில் இந்த ஆற்றில் வேறு மீன் நிறைய உண்டு. இப்போது அருமையாகத்தான் கண்ணில் படுகிறது" என்றார். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மீன் அது. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வது. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'ஸ்னோ டிரவுட்' என்று பெயர் வைத்தார்கள். சொந்த ஆற்றிலேயே வந்தவனின் பெயரைச் சுமக்கும் மீன்! அதன் குஞ்சுகளைப் பழுப்பு டிரவுட் தின்றுவிடுகிறது. பழி முழுவதும் டிரவுட்டின்மேல் இல்லை. இமாலய ஆறுகளில் கட்டிய அணைகளும் அளவு மீறிய பிடிப்பும் சேர்ந்தே அதைக் குறைத்தன. ஆனால் டிரவுட்டுக்கும் பங்கு உண்டு.

படுத்தேன், உறக்கம் வரவில்லை. 1909இல் வெளிவந்த பம்பாய் கெஜட்டியர் தாராவியை ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்று என்று குறிப்பிடுகிறது. ஹோவெல் குலுவில் பொரிப்பகம் அமைத்த அதே ஆண்டு! கோலி மீனவர்கள் மாகிம் கழிமுகத்தில் வலை வீசிய ஊர் அது. தோல் பதனிடும் தொட்டிகள் வந்தன, நம் தாத்தாக்கள் வந்தார்கள், சதுப்பு மேடாயிற்று. நம்மை வந்தேறி என்று ஏசியவர்களுக்கு விடை சொல்லியே பழகிவிட்டோம். கோலிகளின் மீன் எங்கே போயிற்று என்று நாம் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினான்கு வயதில் வந்து, தோல் தொட்டியில் கால் வெந்தவர் அவர். முதலில், "புடிச்ச மீன விட்டுட்டியாலே? கூறு இருக்கா ஒனக்கு?" என்று ஏசினார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

"அறுபத்தேழு வாக்குல, தெக்கத்தியான வெரட்டுன்னு கலாட்டா நடந்துச்சு. எட்டு நாளு வேலைக்குப் போவல. கையில காசு இல்ல. கோலிவாடாலேருந்து ஒரு அம்மா மீனு கொண்டாருவா. கடனாக் குடுத்தா. குடுக்கும்போது சொன்னா, 'ஒங்க தொட்டித் தண்ணி வந்த பொறவு எங்க ஓடையில மீனு செத்துப்போச்சு, இது சசூன் டாக்குல ஏலம் எடுத்தது'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க தாத்தா?"

"என்னத்தச் சொல்ல? வாங்கிட்டு வந்து கொழம்பு வச்சோம்."

சற்றுக் கழித்து அவராகவே கேட்டார்: "அந்தப் பாசி திங்குற மீனு, அது இன்னும் இருக்கால்லா?"

"இருக்கு தாத்தா. கொஞ்சம்."

"அடுத்த தடவ போனா, அதப் பாத்துட்டு வா."