பெங்களூரில் இரு நாட்கள்



காவிரியின் கடைமடையில் அமைந்துள்ள எமது பங்கில், பெங்களூரில் பிள்ளை இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. தந்தை வயலில் நிற்கிறார்; மகனோ மகளோ அந்நகரில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கின்றனர். “பிள்ளையைப் பார்க்கப் போகிறோம், சாமி. அங்கே வேறு என்ன பார்க்கலாம்?” என்று என்னிடம் கேட்பவர் பலர். எனவே சென்ற தை மாதக் கடைசியில், பங்கு மக்கள் பதினெட்டுப் பேருடன் இரவு இரயிலில் புறப்பட்டு, இரு நாட்கள் அந்நகரைச் சுற்றி வந்தேன். கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள மேட்டு நகர் பெங்களூர். விடியற்காலையில் இறங்கிய எங்களைக் குளிர் வரவேற்றது. முதலில் சென்றது லால்பாக் பூங்கா. 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கி, அவர் மகன் திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. பரப்பு 240 ஏக்கர். 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடைபெறும். கூட்டத்திற்கு அஞ்சாதவர்கள் அந்நாட்களில் செல்லலாம்.

மலர்களைவிட என்னைக் கவர்ந்தது பூங்காவினுள் உள்ள பாறைக் குன்று. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்கின்றனர் நிலவியலார். குன்றின் உச்சியில் சிறு காவற்கோபுரம் ஒன்று நிற்கிறது. 1537இல் மண்கோட்டை கட்டி இந்நகரை நிறுவியவர் கெம்பே கௌடர். அவர் மரபினர் நகரின் எல்லையைக் குறிக்க நான்கு திசைகளிலும் இத்தகைய கோபுரங்களை எழுப்பினர் என்பது வழிவழி வந்த செய்தி. அதன் அருகே நின்று நோக்கினோம். எத்திசையிலும் கட்டடங்களுக்கு முடிவே தென்படவில்லை. எல்லையில் நின்ற கோபுரம் இன்று நகரின் நடுவே நிற்கிறது.

அங்கிருந்து கிருஷ்ணராஜ சந்தைப் பகுதிக்குச் சென்றோம். 1791இல் காரன்வாலிஸ் பிரபுவின் படைகள் கைப்பற்றிய கற்கோட்டையில், இன்று எஞ்சியிருப்பது தில்லி வாயிலும் அதையொட்டிய சிறு பகுதியுமே. அருகில் திப்புவின் கோடைக்கால அரண்மனை உள்ளது. தேக்குமரத் தூண்களும் வளைவுகளும் கொண்ட இவ்வரண்மனை கட்டி முடிக்கப்பெற்றதும் அதே 1791ஆம் ஆண்டில்தான். தூணைத் தடவிப் பார்த்த எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர், வெகுநேரம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

இந்நகரின் தொழில் நுட்பம் நேற்று முளைத்ததன்று. சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கச் சுரங்கத்திற்குச் சென்றது. 1905இல் பெங்களூரின் விளக்குகளை ஏற்றியது. 1909இல் ஜாம்ஷெட்ஜி தாட்டாவின் கனவாகிய இந்திய அறிவியல் கழகம் தோன்றியது. 1933இல் சர் சி. வி. இராமன் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா, பீன்யா தொழிற்பேட்டையின் எளிய கூடங்களில் உருவாகி, 1975இல் சோவியத் மண்ணிலிருந்து விண்ணேறியது. இவ்வரலாற்றைச் சிறுவர்களுக்குக் காட்ட விரும்புவோர், கஸ்தூரிபா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா தொழில் நுட்ப அருங்காட்சியகத்திற்கும், விமான நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்கும் தவறாது செல்க. கப்பன் பூங்காவும், 1956இல் கருங்கல்லால் எழுந்த விதான சௌதாவும் முதலாவதற்கு மிக அருகில் உள்ளவை.

மாலையில் சிவாஜி நகரில் உள்ள தூய மரியன்னை பேராலயத்தை அடைந்தோம். செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து நெல் பயிரிட்ட தமிழ் மக்கள், கூரைச் சிற்றாலயத்தில் மரியன்னையை வணங்கத் தொடங்கிய இடம் இது என்பர். 1882இல் கோதிக் பாணியில் இன்றைய ஆலயம் நிறைவு பெற்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் இதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். சேலை உடுத்திய அன்னையின் முன் தமிழிலும், கன்னடத்திலும், ஆங்கிலத்திலும் செபங்கள் எழுகின்றன. செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவிற்கு மதம் கடந்து மக்கள் கூடுகின்றனர். நெல் விளைவிக்க வந்தவர்களின் வழிபாட்டிடம் என்றதும், எங்கள் மக்களுக்குச் சொந்த ஊர் வந்துவிட்டதைப் போன்ற மகிழ்ச்சி.

மறுநாள் எலக்ட்ரானிக் சிட்டி. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ இரயில் அங்கு ஓடுவதால் சாலை நெரிசலுக்குத் தப்பினோம். நிறுவனங்களுக்குள் அயலாரை விடுவதில்லை. வெளியில் நின்றே கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தோம். எங்களுடன் வந்த கைம்பெண் ஒருவரின் மகன், இரவுப் பணி முடித்துச் சிவந்த கண்களோடு வந்து, “அதோ அந்த ஆறாவது மாடிதான், அம்மா” என்று காட்டினான். தாய் அண்ணாந்து பார்த்தார். பின்பு அவன் அறைக்குச் சென்றோம்.

அங்கே ஒரு காட்சி. கையலம்பச் சென்ற அத்தாய், வாளிகளும் குடங்களும் வரிசையாக நிரப்பி மூடி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, “இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தம்பி?” என்று கேட்டார்.

“காவிரியிலிருந்துதான், அம்மா. எங்கள் தெருவிற்கு வாரத்தில் இரண்டு நாள் வரும். மற்ற நாட்களில் லாரித் தண்ணீர்.”

அவர் ஒரு செம்பு நீரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “நம் வாய்க்காலுக்கு வர வேண்டியது இங்கே வருகிறதா?” என்றார். மகன் விடை கூறாமல் என்னைப் பார்த்தான்.

நான் அறிந்ததைச் சொன்னேன். அருகில் பேராறு இல்லாத மேட்டில் ஊர் அமைத்த முன்னோர், மழை நீரைத் தேக்க ஏரிகளை வெட்டினர். ஊர் பெருக, 1896இல் எசருகட்டாவிலிருந்தும் 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் வந்தது. அவை காவிரியின் துணையாறான அர்க்காவதியின் நீர். அதுவும் போதாமல் 1974 முதல் காவிரியையே 100 கிலோ மீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு எந்திரங்களால் ஏற்றிக் கொணர்கின்றனர். 2018இல் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தபோது, பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கிற்று, கர்நாடகம் தமிழகத்திற்குத் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என வகுத்தது.

இதற்கிடையில் அவ்வேரிகள் என்னாயின? நாங்கள் வழி கேட்டு அலைந்த மெஜஸ்டிக் பேருந்து நிலையம், தர்மாம்புதி என்னும் ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மேல் நிற்கிறது. கணிப்பொறி நிறுவனங்கள் சூழ்ந்த பெள்ளந்தூர் ஏரி, கழிவு நிறைந்து 2017இலும் 2018இலும் தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்த செய்தியை நாடே வியந்து படித்தது. 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, மக்கள் குடங்களோடு நின்றனர்.

நான் பேசி முடித்ததும் அத்தாய் செம்பிலிருந்த நீரைக் கீழே கொட்டவில்லை, குடித்தார். “பிள்ளை குடிக்கிற தண்ணீர், வேண்டாமென்று எப்படிச் சொல்வேன், சாமி? ஆனால் அவர்கள் தங்கள் குளத்தையும் காப்பாற்றியிருக்கலாமே” என்றார். நம் ஊர்க் குளத்தின் நிலையும் எனக்கு நினைவிற்கு வந்தது. மூன்று ஆண்டுகளாக ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. பங்குப் பேரவையில் இருமுறை பேசினோம். மண்வெட்டியை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்களுள் நானும் ஒருவன். பெங்களூரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை.

அன்பர்களே, பெங்களூர் செல்லுங்கள். பூங்காவையும் அரண்மனையையும் பேராலயத்தையும் காணுங்கள். பிள்ளைகள் பணிபுரியும் கட்டடத்தையும் பெருமையோடு பாருங்கள். ஆயினும் பிள்ளையின் அறையில் உள்ள வாளியையும் ஒரு முறை பாருங்கள். அந்நீருக்கு அங்கும் இங்கும் உரியவர்கள் ஒரே குடும்பத்தினர் என்பது அப்போது விளங்கும்.

திரும்பும் இரவில், ஈரோட்டுக்கு அருகே பாலம் வரும்போது தம்மை எழுப்புமாறு அத்தாய் கேட்டிருந்தார். எழுப்பச் சென்றபோது அவர் உறங்கவே இல்லை, சன்னலோரம் அமர்ந்திருந்தார். இருளில் நீர் தெரியவில்லை. பாலத்தின் ஓசை அடங்கும்வரை கைகூப்பியிருந்து, “குளத்து வேலையை எந்தச் சனிக்கிழமை தொடங்கலாம், சாமி?” என்றார்.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறோம்.