மேசைமேல் ஒரு மலை

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலை சென்றிருந்தோம். தோட்டத்து லயமொன்றில் சிறுவர் மூவர், தாயக்கட்டை உருட்டிப் பொம்மை வீரரை நகர்த்தும் ஆட்டத்துக்கென மேசைமேல் மலையொன்று சமைத்துக்கொண்டிருக்கக் கண்டோம். கசக்கிய பழந்தாளைக் கோதுமைமாப் பசையில் தோய்த்து உலர்த்தினால் குன்று, காய்ந்த தேயிலைச் சக்கை, மண், பச்சைச் சாயமேற்றிய மரத்தூள், கொழுந்துச் செடி, தீப்பெட்டிகளே லயங்கள்! இத்தகைய ஆட்டத்துக்கு எச். ஜி. வெல்ஸ் 1913-இல் விதிநூலே எழுதினார் என்பதை இவர்கள் அறியார்.

இளையவன் தீப்பெட்டிகளைச் சரிவின் அடியில் ஒட்டினான். “அங்க வேணாஞ் சாமி, மேட்டுல வை” என்றார் பாட்டி. 2014 ஒக்டோபர் 29-இல் இதே மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததை அவர் மறந்தாரல்லர். பையன் பசை காயுமுன் பெயர்த்தெடுத்தான். அம்மலையிலோ வேறு சமதரையே இல்லை.