விறகு சுமக்கிற புழு

போன வருஷம் கெம்பஸ் ஹொஸ்டலுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துச் செடியில் சின்ன விறகுக்கட்டு மாதிரி ஏதோ ஒன்று தொங்கியது. என் ரூம்மேட் அதைக் காட்டிச் சிரித்தாள். காலி பக்கத்துப் பிள்ளை. "இது தர கெட்டியா. போன பிறவியில விறகு திருடினவன். அதுதான் இந்தப் பிறவியில முதுகுல விறகோட அலையிறான்" என்று சிங்களத்தில் சொன்னாள். 'தர' என்றால் விறகு. அவள் ஆச்சி சொன்ன கதையாம். சிங்களக் கிராமங்களில் பலருக்கும் தெரிந்த கதை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அம்மாயி ஞாபகம்தான்.

அம்மாயி விறகு எடுத்துப் பிடிபட்டவள்.

பலாங்கொடை வழியாகப் பதுளைக்கு வருகிறவர்கள் பெரகலைக்கு முன்னால் ஒரு சின்ன டவுனைக் கடந்திருப்பீர்கள். அதுதான் ஹல்துமுல்லை. அங்கிருந்து மேலே ஏறினால் எங்கள் லயம். நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், விழுந்து கிடந்த காய்ந்த சவுக்குக் கிளை ஒன்றை அம்மாயி தலையில் தூக்கி வைத்திருக்கிறாள். வாச்சர் கண்டுவிட்டார். அடுத்த நாள் காலை பெரட்டில் எல்லார் முன்னாலும் 'கள்ளி' என்று பேச்சு. அன்றைக்கு அவளுக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை. இதை எனக்குச் சொன்னது அம்மா. அம்மாயி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அந்தப் புழுவை எனக்கு முதலில் காட்டியது அம்மாயிதான் என்பதால்தான் கதை இன்னும் குத்தியது. அவள் அதை 'விறகுக்கட்டுப் பூச்சி' என்பாள். அவள் சொல்கிற பெயரில் திருட்டு இல்லை.

இங்கிலீஷில் பேக்வோர்ம். உலகத்தில் 1000க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் நாட்டில் தேயிலையிலும் கொய்யாவிலும் குச்சிகளை நேர்நேராக அடுக்கிக் கட்டிக்கொண்டு திரிவது யூமெட்டா கிராமெரி என்ற வகை. முட்டையிலிருந்து வந்த உடனேயே புழு தன் வாயில் வரும் பட்டு நூலால் ஒரு சின்னப் பை கட்டுகிறது. தின்கிற மரத்திலேயே இலைத்துண்டும் குச்சியும் கடித்தெடுத்து அதன் மேல் ஒட்டுகிறது. உடம்பு வளர வளரப் பையும் வளரும். தலையை மட்டும் வெளியே நீட்டி இலையைத் தின்னும், தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பையைக் கிளையில் இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளேயே கூட்டுப்புழு ஆகிறது. ஆண், இறக்கை முளைத்துப் பறந்து போகும். பெண்ணுக்கு இறக்கை இல்லை. அது பைக்குள்ளேயே இருந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, செத்துப்போகும்.

2021இல் இந்தப் புழு எங்கள் வீட்டுக் கொய்யாவில் ஏறியது. லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில் அம்மாயி நட்ட மரம். கொரோனாவால் ஸ்கூல் இல்லை. சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் பாதி இலை ஓட்டை, மீதி காய்ந்த நிறம். எண்ண முடியாத அளவுக்குக் குட்டிக் குட்டி விறகுக்கட்டுகள்.

அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். பூச்சி என்றால் அவருக்கு மருந்துதான். ஆனால் அந்த வருஷம் மே மாதம் இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் அரசாங்கம் இறக்குமதித் தடை போட்டது. டவுன் கடையில் கேட்டால் கையை விரித்தார்கள். அந்தத் தடை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. யாரையும் தயார்படுத்தாமல் ஒரே நாளில் போட்டதால் நெல்லிலும் தேயிலையிலும் விளைச்சல் விழுந்து, நவம்பரில் அவர்களே வாபஸ் வாங்கினார்கள். ஆனால் எங்கள் கொய்யா மரத்துக்கு மட்டும் அந்தத் தடையால் ஒரு நல்லது நடந்தது. அம்மாயி இஸ்தோப்பில் இருந்தபடி, "கை இருக்கு, கத்திரிக்கோல் இருக்கு. மருந்து எதுக்கு?" என்றாள்.

அவளும் நானும் மூன்று நாள் பிடுங்கினோம். எட்டாத கிளைக்குத் தொரட்டி. இருநூறுக்கு மேல் எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. அந்த மூன்று நாளில் செய்த பிழைகளிலிருந்துதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். உங்கள் வீட்டு மரத்திலும் வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் பிழை, பிடுங்கியதை மரத்தடியிலேயே போட்டது. அடுத்த நாள் காலையில் பார்த்தால், விறகைச் சுமந்துகொண்டு வரிசையாக மரத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பை இருக்கிற வரைக்கும் புழு உயிரோடுதான் இருக்கும். அதனால் சவர்க்காரத் தண்ணி ஊற்றிய வாளிக்குள் போட்டு ஒரு நாள் விட வேண்டும்.

இரண்டாவது, கையால் இழுத்துப் பிய்த்தது. பை வந்துவிடும், ஆனால் அது கிளையைச் சுற்றிக் கட்டிய பட்டு வளையம் அங்கேயே இருக்கும். அந்த நூல் லேசில் உக்காது. கிளை பருக்கப் பருக்க வளையம் கழுத்தை இறுக்குவதுபோல இறுக்கும். அப்படித்தான் ஒரு கிளை எங்களுக்குக் காய்ந்துபோனது. காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மாயி. அதற்குப் பிறகு கத்திரிக்கோலால் வளையத்தோடு சேர்த்து வெட்டினோம்.

மூன்றாவது, எல்லாப் பையையும் கொன்றது. கொஞ்சப் பைகளை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, வாயில் நுளம்பு வலைத்துண்டு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில பைகளிலிருந்து புழு வரவில்லை, சின்னக் குளவிகள் வந்தன. பயோ படிப்பித்த டீச்சருக்கு போட்டோ அனுப்பினேன். அவை புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு, புழுவைத் தின்று வளர்கிறவை, நமக்கு வேலைசெய்கிற ஆட்கள், திறந்து விடு என்றார். வலைக் கண்ணை அவை போகிற அளவுக்குப் பெரிதாக வைத்தால் போதும். குளவி பறந்து போகும், புழு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கையால் பிடுங்குவதெல்லாம் ஒரு வழியா என்று கேட்கலாம். இந்தப் புழுவுக்கு அதுதான் சரியான வழி. பெண் பறக்காது என்பதை ஞாபகம் வையுங்கள். அதனால் இது ஒரேயடியாகப் பரவாது. ஒரு மரம், ஒரு மூலை என்றுதான் தொடங்கும். முட்டை பொரிப்பதற்கு முந்தி ஒரு பையை எடுத்தால் நூற்றுக்கணக்கான புழுக்களை எடுத்த மாதிரி. பொரித்துவிட்டால் குட்டிப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். எங்கள் பக்கம் கச்சான் காத்து வீசுகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். நம் நாட்டில் இதற்கு ஓய்வெடுக்கக் குளிர்காலமும் கிடையாது. அதனால் ஒரு தடவை பிடுங்கிவிட்டு மறந்துவிடாமல், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இலைக்குக் கீழே பார்க்க வேண்டும்.

மருந்து அடித்தால்? பை பெருத்த பிறகு அடிக்கிற மருந்து பையில்தான் படும், புழுவில் படாது. மரம் ரொம்ப உயரம், பிடுங்கவே முடியாது என்றால் பி.டி. என்கிற பக்டீரியா மருந்து இருக்கிறது. அதையும் பை நகத்தளவு இருக்கும்போதே இலையில் அடிக்க வேண்டும், புழு தின்றால்தான் வேலைசெய்யும். தேயிலை என்றால் இன்னும் கவனம். கிழமைக்கு ஒரு தடவை கொழுந்து எடுக்கிற செடி அது. தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சிபாரிசு செய்யாத எதையும் அடிக்கக் கூடாது.

சுவரில் ஊர்கிற சின்னப் பை வேறு. சாம்பல் நிறத்தில் தட்டையாக, பூசணி விதை மாதிரி இருக்கும், இரண்டு பக்கத்தாலும் தலை நீட்டும். லயத்துச் சுவரில் எப்போதும் இருக்கும். இது மரத்துப் புழு இல்லை, இலையும் தின்னாது. சிலந்தி வலை, முடி, கம்பளி நூல் இதெல்லாம்தான் சாப்பாடு. ஈரச் சுவரும் ஒட்டடையும் இருக்கும் வரைக்கும் வரும். ஒட்டடை அடித்து, கட்டிலுக்குக் கீழே கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும். வீட்டுக்குள் மருந்து வேண்டாம்.

கெம்பஸ் வந்த பிறகு லைப்ரரியில் தேயிலைப் பூச்சிகளைப் பற்றி ஒரு கதை வாசித்தேன். தேயிலையில் கொழுந்தைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் என்ற புழு ஒரு காலத்தில் பெரிய பிரச்சினை. 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி பரவியது, புழு அடங்கியது. பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை மலைமலையாக அடித்தார்கள். குளவி செத்தது. அடங்கியிருந்த டோர்ட்ரிக்ஸ் திரும்ப எழும்பியது.

லீவுக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். மருந்தடித்த ராத்திரிகளில் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கிற மனுஷன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு இத யாரும் சொல்லல புள்ள. டேங்கத் தூக்குன்னாங்க, தூக்குனோம்" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதுகில் பாரம் சுமக்கிறவனுக்கு ஏன் சுமக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

விறகு விஷயத்திலும் அப்படித்தான். கவ்வாத்து மிலாறை மலையிலேயே விட்டால் மண்ணுக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் லயத்து அடுப்பு எதில் எரியும் என்று யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது நாடே விறகு தேடியது. ரூம்மேட்டிடம் அம்மாயி கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அந்த வருஷம் நாங்களும் பக்கத்துத் தென்னந்தோட்டத்துல மட்டை பொறுக்கினோம். ஒருத்தரும் எங்களைக் கள்ளன்னு சொல்லல" என்றாள். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவள் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

போன கிழமை அம்மாயிக்குக் கோல் எடுத்து, முதல் தடவையாகக் கேட்டேன், பெரட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று. கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எடுத்தேன்தான் புள்ள. மழ நாளு. ஒங்கம்மாவுக்குக் காச்சல். அடுப்பு எரிய வேணாமா?" என்றாள். "அந்தப் பூச்சியும் இருக்கிற மரத்துலதான குச்சி எடுக்குது. வேற எங்க போயி எடுக்கும்?"

அப்படியானால் ஏன் அம்மாயி அதையெல்லாம் பிடுங்கினோம் என்று கேட்டேன்.

"அது மரத்தக் கொல்லுது. நான் ஒரு மரத்தயும் கொல்லல" என்றாள். அப்புறம், லீவுக்கு வரும்போது நல்ல கத்திரிக்கோல் ஒன்று வாங்கிக்கிட்டு வரச் சொன்னாள். பழையது துருப்பிடித்துவிட்டதாம். கொய்யாவில் மேல்கிளையில் இரண்டு மூன்று திரும்பத் தெரிகிறதாம்.