சம்பளச் சீட்டில் ஒரு வரி

பால் கணக்கில் அரை லிட்டர் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் என் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டில் 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு வரி இருக்குமே, அதை மட்டும் நான் வாசித்ததே இல்லை. வாசித்த அன்றைக்கே சண்டை!

போன வருஷம் ஜூன் மாதம் அவருக்குச் சம்பளம் 20,600-லிருந்து 21,800 ஆனது. 21,000-க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். சீட்டைப் பார்த்தால் பிடித்தம் நிற்கவில்லை. 155 ரூபாயாக இருந்தது 164 ஆகியிருக்கிறது!

"என்னங்க இது அநியாயம்? நாளைக்கே போய் நிறுத்தச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டேன்.

காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு அம்மா, அவர் ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதுகிறவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். காப்பி கொடுத்துக்கொண்டே அவரிடமும் முறையிட்டேன். சிரித்துக்கொண்டே விளக்கினார்.

2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு கணக்கு. நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும் வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்தாக வேண்டும்.

"அது வீண் இல்லைம்மா. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்-மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. விதைப்பது ஒரு பட்டம், அறுப்பது இன்னொரு பட்டம்" என்றார். வயல்காட்டு ஊர்க்காரிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

அக்டோபரில் பிடித்தம் நின்றது. பிப்ரவரியில் அவருக்கு மஞ்சள் காமாலை! இருபத்து நாலு நாள் படுக்கை. ஆபீஸ் லீவும் தீர்ந்துவிட்டது. பிடித்தமே இல்லையே, யார் கவனிப்பார்கள் என்று கலங்கினேன். அப்புறம்தான் அந்த அம்மா சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது. இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே வைத்தியம் நடந்தது. டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டின் பேரில், முதல் இரண்டு நாள் நீங்கலாக, சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் பாங்கிக் கணக்குக்கு வந்தது. ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குக் கட்டியிருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை இப்படிக் கிடைக்குமாம். அன்றைக்கு அந்தப் பணம் இல்லாவிட்டால் என் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று மாதம் பிடிக்க மறந்துவிட்டு, நாலாம் மாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். அது முறையில்லை. ஒரு மாதத்துப் பங்கை அந்த மாதத்துச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். முதலாளி மறந்தால் நஷ்டம் அவருடையதே. அவருடைய மூன்றேகால் பங்கையும் தொழிலாளி சம்பளத்தில் கை வைத்து எடுக்கக் கூடாது. 1948-ம் வருஷச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. எடுத்துச் சொன்னதும் அவளுக்குப் பணம் திரும்பிவிட்டது.

பிள்ளை பெறப் போகும் பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருப்பவள், முந்தைய இரண்டு கணக்குகளில் 70 நாளுக்குக் கட்டியிருந்தால்தான் 26 வாரப் பிரசவச் சம்பளம். அதனால் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

எங்களுக்கு வருகிற ஜூன் 30-ந் தேதியோடு அந்த நிழல் விலகுகிறது. வேறு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். புதுப் பாலிசியில் விபத்து தவிர மற்ற நோய்களுக்குப் பொதுவாக முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது என்பதால், மே மாதமே கட்டிவிடப் போகிறோம்.

இப்போதெல்லாம் சம்பளச் சீட்டு வந்தால் முதலில் வாசிப்பது நான்தான். "சண்டை போட ஏதாவது கிடைச்சுதா?" என்று அவர் கேலி செய்கிறார். செய்யட்டும்!